கோலாலம்பூர்–பினாங்கு, 2 நாள் குழுச் சைக்கிள் பயணம்: பெயர் கொடுக்கலாமா?

செராஸ்_சைக்கிள்:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. இன்னும் 10 வாரத்தில் ஒரு குழு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்கிறது. முதல் நாள் பத்துமலையிலிருந்து ஈப்போ, ஏறக்குறைய 200 கி.மீ. இரவு அங்கேயே ஹோட்டல். மறுநாள் தைப்பிங் வழியாக பட்டர்வொர்த், ஏறக்குறைய 170 கி.மீ., பிறகு ஃபெரி. கட்டணம் 480 வெள்ளி (ரிங்கிட்). ஹோட்டல், ஜெர்சி, பை ஏற்றும் லோரி எல்லாம் அதற்குள் அடக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டினால் திரும்பக் கிடைக்காது.

என் நிலவரம்: வயது 46, எடை 78 கிலோ. ஞாயிறு தவறாமல் 80–100 கி.மீ., நான்கைந்து பேரோடு, ஓடும் நேரச் சராசரி (நிறுத்தங்களைச் சேர்க்காமல்) மணிக்கு 24 கி.மீ. இதுவரை ஒரே மூச்சில் அதிகம் போனது 118. அலுமினியச் சட்டம், முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல், 11 கியர், 25 மி.மீ. டயர், ரிம் பிரேக். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும் எடுக்கிறேன்.

விளம்பரத்தில் "வேகம் 25–28. யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்று போட்டிருக்கிறார்கள். 200 கி.மீ. என்னால் முடியுமா என்பதுதான் பயம். போகலாமா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

பின்சக்கரம்:

தம்பி, 200ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒழுங்காக 118 போகிறவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மணிக்கு மணி சாப்பிட்டுக்கொண்டே போனால் 200 போய்விடலாம். பயப்பட வேண்டியது ஈப்போ ஹோட்டலில் மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு. நேற்று எட்டு ஒன்பது மணி நேரம் சீட்டில் உட்கார்ந்த உடம்பு, புண்ணான இடத்திலேயே மறுபடியும் உட்கார வேண்டும். அதற்கான பயிற்சி உங்களிடம் இப்போது இல்லை. 10 வாரத்தில் வரும்.

அந்த விளம்பர வரியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். 25–28 வேகமும் யாரையும் விடாமல் போவதும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வராது. ஒன்று, மெதுவாகப் போகிறவருக்காக எல்லாரும் 22க்கு இறங்குவார்கள். இல்லையென்றால் பின்தங்கியவரை வேனில் ஏற்றிவிட்டு "நாங்கள் யாரையும் விடவில்லையே" என்பார்கள். இரண்டும் நியாயமான ஏற்பாடுதான், எது என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இன்னொன்று, 25 என்பது ஓடும் நேரச் சராசரியா, நிறுத்தங்களையும் சேர்த்தா? ஏற்பாட்டாளர் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 25இல் ஓடினால் 200க்கு 8 மணி நேரம். 40 கி.மீ.க்கு ஒரு தண்ணீர் நிறுத்தம் என்றால் 4 தடவை, ஒவ்வொன்றும் 20 நிமிடம். மதியச் சாப்பாடு 45 நிமிடம். பஞ்சர், சிக்னல், கழிப்பறை வரிசைக்கு அரை மணி. நிறுத்தமே 2 மணி 35 நிமிடம் ஆகிறது. காலை 5.30க்குக் கிளம்பினால் மாலை 4.05க்கு ஈப்போ. 22இல் ஓடினால் 5.10. சாயங்கால இடிமழை பெய்யும் நேரம் அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். அடாக்ஸ் முறையில் (குறித்த நேரத்துக்குள் நீண்ட தூரம் ஓட்டி முடிக்கும் சைக்கிள் பயணம்) 200 கி.மீ.க்குக் கொடுக்கும் நேரம் 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. எல்லா நிறுத்தமும் அதற்குள் அடக்கம், ஏறக்குறைய 15 கி.மீ. வேகம்தான். அங்கே உங்கள் வேகத்தில் நீங்கள் போகலாம், ஆனால் துணை வண்டி கூடவே வராது, கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டும்தான் உதவி. இங்கே வேன் உண்டு, ஆனால் வேகத்தை முடிவு செய்வது இன்னொருவர். எந்தத் தொல்லை உங்களுக்குத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைவரிசை:

நான் மாற்றுக் கருத்துக்காரன். தூரத்தைவிட ஆள் கூட்டம்தான் ஆபத்து. ஐந்து பேரோடு போவதும் ஐம்பது பேர் நடுவில் போவதும் ஒன்றல்ல.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு இணையாக உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் ஏறி நிற்கக்கூடாது. அவர் ஒரு குழியைப் பார்த்து ஒரு சாண் ஒதுங்கினால் இரண்டு சக்கரமும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நீங்கள்தான், உங்கள் மேல் இன்னும் நாலு பேர். பழக்கமில்லாதவர்கள் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னால் தள்ளும், அதனால் ஒரு அழுத்தமான மிதி போட்டுக்கொண்டே எழுந்திருங்கள்.

கூட்டத்தின் வாலில் நிற்பதுதான் பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. பச்சை விளக்கு விழுந்ததும் முன்னால் இருப்பவர் நிதானமாக 25க்கு வருவார், வாலில் இருப்பவர் இடைவெளியை அடைக்க 38 வரை விரட்ட வேண்டும். ரவாங் தாண்டுவதற்குள் இப்படி இருபது தடவை விரட்டினால் தஞ்சோங் மாலிமிலேயே கால் காலி. முதல் மூன்றில் ஒரு பங்கில் இருங்கள். காற்றை முன்னால் இருப்பவர் வாங்கிக்கொள்வார், உங்களுக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம்.

கூட்டத்தை 15–20 பேராகப் பிரிக்கிறார்களா என்று கேளுங்கள். பிரிக்கவில்லை என்றால் நான் போகவேண்டாம் என்பேன்.

ஈப்போ_வாசி:

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். பிளஸ் கட்டண நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆகவே கூட்டரசுச் சாலை 1தான், நம்ம பழைய சடக்கு: ரவாங், செரண்டா, தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போ. மறுநாள் செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ், தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால். பெயரைப் பார்த்தாலே தெரியும், 20–30 கி.மீ.க்கு ஒரு ஊர். தண்ணீர், நிழல், கடை, கிளினிக் எல்லாம் இருக்கும். முதல் நீண்ட பயணத்துக்கு இதைவிட நல்ல சடக்கு கிடைக்காது.

ஏற்றம் ஒன்றுதான் பெயர் சொல்லும்படி: இரண்டாம் நாள் பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட். முன்னால் 34, பின்னால் 28 பல்லில் பேசிக்கொண்டே ஏறலாம். இறக்கத்தில்தான் கவனம், வளைவும் லோரியும் சேர்ந்து வரும். மழை பெய்திருந்தால் ரிம் பிரேக் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரைத் துடைக்கத்தான் அந்த நேரம் போகும். வளைவுக்கு முன்பே மெல்லத் தொட்டுத் தொட்டுக் காய வையுங்கள்.

ரவாங்கில் ஊருக்குள் போகிறார்களா, 2017இல் திறந்த பைபாஸில் போகிறார்களா என்று கேளுங்கள். பைபாஸில் சிக்னல் இல்லை, வண்டிகளின் வேகமும் அதற்கேற்றபடி. இருட்டில் ஊர் வழியே மேல்.

சடக்கில் பார்த்து ஓட்ட வேண்டியவை: ஊர் முகப்பில் குறுக்கே போட்டிருக்கும் தடித்த மஞ்சள் கோடுகள், கை நழுவும் அளவுக்கு உதறும். ஓரத்தில் பதித்த ஒளிரும் கற்கள். தோட்டத்து லோரியிலிருந்து உதிரும் செம்பனைப் பழம்: நசுங்கிய எண்ணெய் மேல் தூறல் விழுந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மாதிரி. விடியற்காலையில் கம்பத்து (கிராமத்து) நாய்கள். கூட்டமாகப் போகும்போது நாயைப் பார்த்துத் திடீரென்று பிரேக் போடாதீர்கள், நாயைவிடப் பின்னால் வருகிறவர்தான் அதிகம் கடிப்பார்.

இந்த ஊரில் சூரியன் தலை காட்ட ஏறக்குறைய 7 மணி ஆகும். 5.30க்குக் கிளம்பினால் ஒரு மணி நேரமாவது இருட்டு. முன்விளக்கு 400 லுமன் குறையாமல், அந்த வெளிச்சத்தில் இரண்டு மணி நேரமாவது தாங்க வேண்டும். பின்விளக்கைக் கூட்டத்துக்குள் மினுக்க விடாதீர்கள், பின்னால் வருகிறவருக்குக் கண் கூசும்.

மருந்துக்கடை:

அண்ணா, மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்வது அரிது. கூடவே கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. நீண்ட உழைப்பில் சர்க்கரை சடாரென்று இறங்கும், அன்றைய அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இங்கே யாரும் சொல்லக்கூடாது, நானும் சேர்த்துத்தான்.

இரத்த அழுத்த மாத்திரை எது என்று டப்பாவைப் பாருங்கள். பெயர் "ப்ரில்" என்றோ "சார்டான்" என்றோ முடிந்தால், அல்லது சிறுநீர் பெருக்கும் வகையாக இருந்தால், முட்டி வலிக்கு ஐபுபுரூஃபனோ டைகுளோஃபினாக்கோ போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் இவை சேர்ந்தால் சிறுநீரகத்தை அடிக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் வேனில் ஏறுங்கள்.

40 வயதைத் தாண்டி, சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர் இந்த அளவு உழைப்புக்குப் போகும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நீங்கள் போகும் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) "இரண்டு நாளில் 370 கி.மீ. சைக்கிள் ஓட்டப் போகிறேன்" என்று எண்ணோடு சொல்லுங்கள். "கொஞ்சம் எக்ஸர்சைஸ்" என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

சாப்பாடு. ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் 60 கிராம் மாவுச்சத்து, முதல் மணியிலிருந்தே. ஒரு நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய 25 கிராம். கயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டித் துண்டு 20–25. 750 மி.லி. பாட்டிலில் மூன்றரை மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை பிழிந்தால் 45 கிராம் மாவுச்சத்தும் ஏறக்குறைய 600 மி.கி. சோடியமும் ஆகிவிடும். சர்க்கரை உள்ளவர் சீனித் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். ஓடும் தசை அதை உடனே எரிக்கும், ஆனால் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு குடிப்பது வேறு. பயிற்சி நாட்களிலேயே விரலில் குத்திப் பார்த்து, உங்கள் அளவை டாக்டரோடு முடிவு செய்யுங்கள்.

தண்ணீருக்கு எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. ஓட்டும் முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பாக்கி என்று அர்த்தம். உங்கள் 78 கிலோவுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையக்கூடாது. எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்து: வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் அதன் அறிகுறி. அப்போது இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும்.

காலையில் நாசி லெமாக் வேண்டாம். தேங்காய்ப்பாலும் சம்பாலும் வயிற்றைவிட்டு இறங்க நேரம் ஆகும். ரொட்டியோ இட்லியோ பசியாறுங்கள். தஞ்சோங் மாலிம் பாவ் (ஆவியில் வேகவைத்த பன்) நல்ல யோசனை. பீடோரில் கொய்யா வாங்கலாம், ஆனால் விதையோடு நார்ப்பழம், ஓட்டி முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

கம்போங்_கியர்:

அண்ணே, சைக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லையே.

25 மி.மீ. டயரை மாற்றி 28 போடுங்கள், சட்டத்திலும் பிரேக்கிலும் பக்கத்துக்கு 4 மி.மீ. இடம் மிச்சமிருந்தால். உங்கள் எடைக்குக் காற்றழுத்தம் பின்னால் 80 பிஎஸ்ஐ, முன்னால் 75. பயணத்துக்கு முந்தின வாரம் போடாமல் இப்போதே போட்டுப் பழக்குங்கள். சீட், சப்பாத்து, கால்சட்டை எதுவும் புதிதாக அன்றைக்கு வேண்டாம்.

செயின் தேய்மானத்தை அதற்கான அளவுகோல் வைத்துப் பாருங்கள். 11 கியருக்கு 0.5 காட்டினால் மாற்ற வேண்டும், 0.75 வரை விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். மாற்றுவதானால் மூன்று வாரம் முன்னதாக.

உங்களுடையது 11 கியர் என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்: பின் கியர் கேபிள், கியர் மாற்றும் லீவருக்கு உள்ளே தலைக்குப் பக்கத்தில் இழை இழையாகப் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் விழத் தயங்கும், நீங்கள் திருகாணியைத் திருகித் திருகிச் சரி செய்வீர்கள், ஒருநாள் பட்டென்று போகும். புது கேபிள் மலிவு, பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். சடக்கில் அறுந்துவிட்டால் பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கை) மிகச்சிறிய பல்லில் போய் உட்காரும். அப்போது எச் என்று குறித்த திருகாணியை உள்ளே இறுக்கினால் இரண்டாவது அல்லது மூன்றாவது பல்லில் நிற்கும். முன்னால் 34இல் போட்டுக்கொண்டு அடுத்த ஊர் போய்ச் சேரலாம்.

பையில்: டியூப் 2, உங்கள் ரிம் உயரத்துக்கு வால்வு நீளம் சரியா பார்த்து. ஒட்டுத்துண்டு, டயர் நெம்புகோல் 2, கைப்பம்பு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் 16 கிராம் இரண்டு வைத்துக்கொண்டாலும் பம்பை விடாதீர்கள். அந்த வாயு டியூப் வழியே சீக்கிரம் கசியும், ஈப்போவில் இரவு படுத்து எழுந்தால் டயர் தளர்ந்திருக்கும். வெளியேற்றிவிட்டுச் சாதாரணக் காற்று அடியுங்கள். 11 கியர் செயின் இணைப்பு ஒன்று. உங்கள் சட்டத்துக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் (டெரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் துண்டு) ஒன்று: ஏற்பாட்டாளர் வண்டியில் டியூப் இருக்கும், இது இருக்காது, மாடலுக்கு மாடல் வேறு.

பஞ்சர் ஆனால் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார்க்காமல் புது டியூப் போடாதீர்கள். பழைய லோரி டயரிலிருந்து தெறிக்கும் மெல்லிய கம்பி அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும், பத்து நிமிடத்தில் இரண்டாவது பஞ்சர்.

செராஸ்_சைக்கிள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். போலீஸ் அனுமதி எடுத்திருக்கிறார்கள். 25க்கு ஒரு பிரிவு, 22க்கு ஒரு பிரிவு, ஓடும் நேரச் சராசரி, ஒவ்வொரு பிரிவும் 20 பேருக்கு மேல் போகாது. மோட்டாரில் வழிகாட்டிகள் 3 பேர், கடைசியில் வேன் 2. விரும்பினால் வேனில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓட்டலாம். தண்ணீர் 35–40 கி.மீ.க்கு ஒரு தடவை. ரவாங் ஊர் வழிதான். பணம் திரும்பாது, ஆனால் 2 வாரம் முன்புவரை பெயரை வேறொருவருக்கு மாற்றலாம். காப்புறுதி "இருக்கிறது" என்றார்கள், விவரம் சொல்லவில்லை. மாத்திரை டப்பாவில் பெரிண்டோப்ரில் என்று இருக்கிறது. கிளினிக்குக்கு அடுத்த வாரம் தேதி வாங்கியிருக்கிறேன்.

பின்சக்கரம்:

அப்படியானால் கொடுங்கள், 22 பிரிவில். 25க்கு ஆசைப்பட வேண்டாம், நீங்கள் 24 ஓட்டுவது 100 கி.மீ.க்குத்தான். கிளினிக்கில் வேண்டாம் என்றால் பேச்சே இல்லை, பெயரை மாற்றிவிடுங்கள்.

காப்புறுதியை விடாதீர்கள். ஏற்பாட்டாளர் சொல்வது பெரும்பாலும் பொதுமக்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பாக இருக்கும். அதில் உங்கள் தோள்பட்டை எலும்பு அடங்காது. சொந்த விபத்துக் காப்புறுதி இருந்தால் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள், போட்டிகள் மட்டும் விலக்கா, ஏற்பாடு செய்த பயணங்களும் விலக்கா என்று.

பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் போதும். கனம் வார இறுதியில்தான். நீண்ட ஓட்டம் 110, 120, பிறகு ஒரு வாரம் 80க்கு இறக்கம், 130, 145, மறுபடியும் இறக்கம். 7ஆம் வாரம் சனிக்கிழமை 150, ஞாயிறு 110. பத்துமலையிலிருந்து உலு யாம், கோல குபு பாரு, தஞ்சோங் மாலிம் போய்த் திரும்பினால் சனிக்கிழமைக் கணக்கு முடியும். பயணச் சடக்கில் ஒரு பகுதியையும் பார்த்த மாதிரி ஆகும். ஞாயிறு சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர் போய் வாருங்கள். சமதரை, எதிர்க்காற்று, இறக்கத்தில் கால் ஓய்வெடுக்க வழியில்லை. இரண்டாம் நாள் பாகான் செராய்க்கு அப்புறம் வயல்வெளியில் அதேதான் காத்திருக்கிறது.

அந்த ஞாயிறுதான் உங்கள் தேர்வு. சராசரி வழக்கத்தைவிட 2–3 கி.மீ.க்குள் குறைந்தால் பரவாயில்லை. முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட் தாழ்வு, பின்னால் வலித்தால் சீட் உயரம், 3 மி.மீ. மாற்றிப் பார்க்க இன்னும் நேரம் இருக்கும். தோல் உரிந்து உட்காரவே முடியவில்லை என்றால் 8ஆம் வாரம் பெயரை மாற்றுங்கள். அதற்குள் அது கடைசி நாள் அல்லவா.

ஒற்றைவரிசை:

20 பேர்தான் என்றால் என் ஆட்சேபம் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு, இந்த 10 வாரத்தில் நான்கு தடவையாவது 15 பேருக்கு மேல் உள்ள கூட்டத்தோடு ஓட்டுங்கள். உங்கள் ஐந்து நண்பர்களின் பின்சக்கரம் உங்களுக்குப் பழகிவிட்டது, அந்நியர் சக்கரம்தான் பழக வேண்டும்.

செராஸ்_சைக்கிள்:

பணம் கட்டிவிட்டேன், 22 பிரிவு. கடைசியாக ஒன்று: திரும்பி வருவது எப்படி? பினாங்கு பாலத்தில் சைக்கிள் விடமாட்டார்கள் என்பதால்தான் ஃபெரி என்று புரிந்தது. திரும்பும்போது ஏற்பாட்டாளர் லோரியில் சைக்கிள், எங்களுக்கு பஸ் என்கிறார்கள்.

கம்போங்_கியர்:

ஃபெரியில் இப்போது கார் ஏறுவதில்லை, ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான், ஆகவே தொல்லை இல்லை. ஆள் இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து வந்தாலும் சைக்கிளை லோரியிலேயே விடுங்கள்.

லோரியில்தான் ஹேங்கர் வளையும். நாற்பது சைக்கிளை ஒன்றன்மேல் ஒன்று சாய்ப்பார்கள், வலப்பக்கம் மோதினால் டெரெய்லர் உள்ளே தள்ளப்படும். வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த ஞாயிறு பெரிய பல்லுக்கு மாற்றும்போது டெரெய்லரின் கீழ்ப்பகுதி போய்ச் சக்கரக் கம்பியில் சிக்கும். ஏற்றும் முன் பின் கியரை மிகப்பெரிய பல்லுக்கு மாற்றி விடுங்கள், டெரெய்லர் உள்ளே ஒதுங்கி நிற்கும். பேடலைக் கழற்றுங்கள், இடது பேடல் மறை எதிர்த்திசை. சட்டத்தின் மேல்குழாய்க்கும் பக்கத்துச் சைக்கிளுக்கும் நடுவில் மடித்த அட்டைப்பெட்டி. படுக்க வைப்பதானால் இடப்பக்கம் கீழே, செயின் பக்கம் மேலே. லோரிக்காரரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள், கதவு சாத்தும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.